செடி வாங்குவது கடைசி வேலை: தோட்ட நிலத்தை அளந்து திட்டமிடுதல்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள பேளுக்குறிச்சிச் சந்தை மளிகைச் சாமானுக்குப் பேர்போனது. மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு என்று ஒரு வருடத்துக்கு வேண்டியதை மூட்டையாக வாங்கிப் போக வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அடிவாரத்தில் நிலம் வாங்கிய பலருக்கு, அந்த மிளகைப் பார்த்ததும் நம் தோட்டத்திலும் மிளகுக்கொடி ஏற்றிவிடலாம் என்று ஆசை வருகிறது. அந்த மிளகு விளைவது 1,000 மீட்டருக்கு மேலே, கொல்லிமலையின் நிழலிலும் குளிர்ச்சியிலும். கீழே வெயிலும் மண்ணும் மழையும் வேறு. ஆகவே எதை நடுவது என்ற கேள்வியை இந்த அத்தியாயத்தின் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, ஆபத்து எங்கே இருக்கிறது, எல்லை எதுவரை என்ற மூன்றும் காகிதத்தில் ஏறிய பிறகு நாற்றுப்பண்ணைக்குப் போனால் போதும்.

கணக்குக்கு வசதியாக 25 சென்ட் நிலம் ஒன்றை வைத்துக்கொள்வோம். 1 சென்ட் 435.6 சதுர அடி. 25 சென்ட் என்றால் 10,890 சதுர அடி, அதாவது 90 அடி அகலம், 121 அடி நீளம். உங்கள் நிலம் இதைவிடச் சிறியதானாலும் பெரியதானாலும் வேலையின் வரிசை இதுதான்.

தேவையான பொருள்கள்

100 அடி ஃபைபர் டேப் (இரும்பு டேப் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது), 30 மரமுளைகள், நைலான் கயிறு, சுண்ணாம்புத்தூள், 50 அடி நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய், 7 அடிக் கம்புகள் இரண்டு, 4 அடிக் கம்பு ஒன்று, கட்டம் போட்ட காகிதம், பென்சில். காலில் கணுக்கால் மூடிய செருப்போ பூட்ஸோ இல்லாமல் புதருக்குள் இறங்காதீர்கள்.

படி 1: காகிதத்தில் எல்லை

1. பட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் மூன்றையும் எடுங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும்.
2. புலப்படத்தில் எல்லைக் கோடுகளின் நீளம் மீட்டரில் இருக்கும். 1 மீட்டர் 3.28 அடி. அடியாக மாற்றிப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.
3. மூலைக் கற்களைத் தேடுங்கள். மண் மூடிக் கிடந்தால் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி குற்றம்.
4. கல் இல்லை, அல்லது அளவு ஒத்துவரவில்லை என்றால் அத்து (எல்லை) காட்டச் சொல்லி நில அளவருக்கு விண்ணப்பியுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு அளப்பது நல்லது.
5. நிலத்தை ஒட்டி ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை, காப்புக்காட்டு எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். மலையடிவாரத்தில் இந்த மூன்றுமே அடிக்கடி வரும். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையைச் சமன் செய்து நிலத்தோடு சேர்த்துக்கொள்வது சட்டவிரோதம் மட்டுமல்ல, ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் உங்கள் பாத்தி வழியாகத்தான் போகும்.

படி 2: தரையில் அளவு

மூலையில் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். செங்கோணம் சரியா என்று பார்க்க, ஒரு பக்கம் 30 அடி, மறுபக்கம் 40 அடி குறித்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளந்தால் 50 அடி வரவேண்டும். கோணலான நிலம் என்றால் அதை முக்கோணங்களாகப் பிரித்து மூன்று பக்கமும் அளந்துகொள்ளுங்கள். மூன்று பக்கமும் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் மாறாது.

கட்டக் காகிதத்தில் ஒரு கட்டத்துக்கு 2 அடி என்று வைத்து வரையுங்கள். முதலில் எல்லை, பிறகு அசையாதவை: கிணறு, ஆழ்துளைக் கிணறு, மின்கம்பம், மின்கம்பி போகும் கோடு, வீடு, இருக்கும் மரங்கள், பாறை. வடக்கு எது என்று அம்புக்குறி போட மறக்காதீர்கள். இந்தத் தாளை நாலைந்து நகல் எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு ஒரு நகல், வெயிலுக்கு ஒன்று, ஆபத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே தாளில் ஏற்றினால் எதுவும் புலப்படாது.

படி 3: சரிவும் தண்ணீரும்

இந்த அத்தியாயத்தில் நேரம் ஒதுக்கிச் செய்யவேண்டிய வேலை இதுதான்.

மலை கிழக்கே இருப்பதால் பேளுக்குறிச்சிப் பக்கம் பொதுவாகத் தரை மேற்கே இறங்குகிறது. ஆனால் உங்கள் நிலத்துக்குள் ஒரு மேடு, ஒரு பள்ளம், பழைய வரப்பு ஒன்று இருந்தாலும் தண்ணீர் திசை மாறிவிடும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலைச்சரிவு பின்னணியில் தெரியும் இடங்களில் கண் ஏமாற்றும். சரிந்த தரைகூடச் சமமாகத் தெரியும்.

*சரிவை அளக்க:* பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை மேட்டில் ஒருவர், மறுமுனையை 40 அடி தள்ளிப் பள்ளத்தில் ஒருவர் நட்ட கம்போடு சேர்த்துப் பிடியுங்கள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்த மட்டம் வரை இரண்டு இடத்திலும் அளந்து கழித்தால் கிடைப்பது இறக்கம். 40 அடிக்கு 1.2 அடி இறக்கம் என்றால் 3 சதவீதச் சரிவு.

*சமமட்டக் கோடு போட ஏ-சட்டம்:*

1. 7 அடிக் கம்புகள் இரண்டையும் உச்சியில் சேர்த்துக் கட்டி, அடியில் 6 அடி அகலத்துக்கு விரியுங்கள். நடுவில் 4 அடிக் கம்பைக் குறுக்கே கட்டுங்கள். கட்டு ஆடக் கூடாது.
2. உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கம்புக்குக் கீழே வரை தொங்க வேண்டும்.
3. ஓரிடத்தில் நிறுத்திக் கால்கள் படும் இடத்தில் முளை அடியுங்கள். கயிறு குறுக்குக் கம்பில் படும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.
4. சட்டத்தைத் திருப்பி, வலக்கால் இருந்த இடத்தில் இடக்கால் வருமாறு வையுங்கள். மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நட்டநடுவே அழுத்தமாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் மட்டக் குறி.
5. நிலத்தின் மேட்டுப்பக்கம் ஓர் ஓரத்தில் ஒரு காலை வையுங்கள். மறு காலை முன்னும் பின்னும் நகர்த்தி, கயிறு மட்டக் குறியில் நிற்கும் இடத்தில் முளை அடியுங்கள். அந்த முளையிலிருந்து அடுத்தது. இப்படியே மறு ஓரம் வரை போங்கள்.
6. முளைகளைச் சுண்ணாம்புக் கோட்டால் இணையுங்கள். கோடு நேராக வராது, வளைந்து வளைந்துதான் வரும். அதை நேராக்காதீர்கள்.

காற்றடிக்கும் நேரத்தில் கயிறு ஆடும், அளவு தவறும். காலையில் செய்துவிடுங்கள்.

இந்தக் கோட்டின் மேல் 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணைப் பள்ளப்பக்கம் வரப்பாகப் போடுவது வழக்கம். அதனால் என்ன கிடைக்கும்? 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 25 சென்ட் என்பது சுமார் 1,010 சதுர மீட்டர். ஒரே இரவில் 50 மி.மீ. கொட்டினால் உங்கள் நிலத்தில் மட்டும் விழுவது 50,000 லிட்டர். 90 அடி நீள வாய்க்கால் ஒன்று சுமார் 7,600 லிட்டர் பிடிக்கும். மூன்று வெட்டினால் விழுந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே நின்று ஊறும். நாமக்கல் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அளவில்தான். அதுவும் பெரும்பகுதி ஆவணியிலிருந்து கார்த்திகைக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைத் தேக்காமல் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பிப் போடும் தோட்டம் சில கோடைக்கு மேல் தாங்காது.

*தவறாமல் செய்யவேண்டியவை:* ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு ஓரத்தில் கலிங்கு வையுங்கள். வரப்பின் உச்சியைவிட அரை அடி தாழ்வாக, கல் பதித்து, உபரித் தண்ணீர் வெளியேறும் வழி அது. கலிங்கு இல்லாத வரப்பு பெருமழையில் நடுவில் உடையும். மேல் வரப்பு உடைந்தால் அந்த வேகத்தில் கீழே உள்ளதும் உடையும். உபரித் தண்ணீர் ஓடைக்குப் போகட்டும், பக்கத்து நிலத்துக்குள் திருப்பாதீர்கள். வீட்டு அஸ்திவாரத்துக்கும் கிணற்று விளிம்புக்கும் குறைந்தது 15 அடி தள்ளியே வாய்க்கால் வெட்டுங்கள். சரிவு 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாய்க்கால் வேண்டாம். கல் வரப்பும் வெட்டிவேரும் போதும். தண்ணீர் ஊறிக் கனத்த சரிவு வழுக்கி இறங்கும்.

*இருக்கும் தண்ணீரின் அளவு:* கிணற்றைச் சித்திரை, வைகாசியில் பாருங்கள். கார்த்திகையில் நிரம்பி நிற்கும் கிணற்றைப் பார்த்துப் போட்ட திட்டம் எதற்கும் உதவாது. வெயில் காலத்தில் காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், 2 சென்ட் காய்கறிக்குத் தினம் 400 லிட்டர். உங்கள் கிணறு சித்திரையில் கொடுப்பது அவ்வளவுதான் என்றால் தோட்டமும் அவ்வளவுதான். மீதி நிலம் மானாவாரி மரங்களுக்கு. தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று தெரிய, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு 1 லிட்டர் பிடித்து, படி 4-இல் வரும் மண் மாதிரியோடு சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் சொட்டு நீருக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம் உண்டு. சான்று இல்லாதவர்களுக்கு 75 சதவீதம். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 4: மண்

1. வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் விட்டுவிட்டு நிலத்தின் பல இடங்களில் மேல் சருகை ஒதுக்குங்கள்.
2. மண்வெட்டியால் அரை அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் குழி எடுத்து, குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குல கனத்துக்கு மண்ணைச் சீவுங்கள்.
3. எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்குங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படிக் குறையுங்கள்.
4. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, சர்வே எண்ணும் தேதியும் எழுதி மண் பரிசோதனை நிலையத்துக்கோ நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொடுங்கள்.
5. மரம் நடும் இடத்தில் 1 அடி, 2 அடி, 3 அடி ஆழத்தில் தனித்தனியாக எடுங்கள். மேலே செம்மண் இருந்து, இரண்டடியில் சுக்கான் கல்லோ பாறையோ வந்தால் அங்கே மாமரத்தின் வேர் நின்றுபோகும்.

தண்ணீர் இறங்கும் வேகத்தை நீங்களே பார்க்கலாம். ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி தோண்டி நிரப்பி முழுதாக ஊறவிடுங்கள். இரண்டாம் தடவை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். அரை அங்குலம்கூட இறங்காத இடத்தில் பப்பாளியும் எலுமிச்சையும் வேர் அழுகிச் சாகும். வேலை முடிந்ததும் குழியை மூடிவிடுங்கள்.

படி 5: வெயிலும் காற்றும்

மலை கிழக்கே இருப்பதால் அடிவாரத்தை ஒட்டிய நிலங்களுக்குக் காலை வெயில் தாமதமாகத்தான் இறங்கும். மாலை வெயில் முழு உக்கிரத்தோடு மேற்கிலிருந்து அடிக்கும். ஆடிக் காற்றும் மேற்கு, தென்மேற்கிலிருந்துதான். ஆகவே மேற்கு எல்லையில் வேம்பு, புங்கன் போன்ற காற்றுத் தாங்கும் மரங்கள் வரட்டும். காய்கறிப் பாத்திக்குக் கோடை மாலையில் நிழல் கிடைக்கும், வாழையும் சாயாது.

நிழலின் நீளத்துக்கு ஒரு கணக்கு. மார்கழி நண்பகலில் 20 அடி உயர மரத்தின் நிழல் வடக்கே 14 அடி விழும். ஆனி நண்பகலில் அதே மரத்துக்குத் தெற்கே 4 அடிதான். 60 அடித் தென்னையின் மார்கழி நிழல் 42 அடி. உயரமான மரங்களை நிலத்தின் தெற்கு ஓரத்தில் வரிசையாக நட்டுவிட்டால், குளிர்காலக் காய்கறி முழுக்க நிழலில் போகும். வடக்கு ஓரத்தில் நட்டால் நிழல் பக்கத்துக்காரர் காட்டில் விழும் என்பதையும் யோசியுங்கள். எல்லையிலிருந்து தென்னையை 12 அடியாவது உள்ளே தள்ளி வைத்தால் வாய்ச்சண்டை வராது.

படி 6: ஆபத்து வரைபடம்

இதற்கென்று வைத்த நகலில் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள். மற்ற படிகளில் தவறினால் செடி போகும், இதில் தவறினால் உயிர் போகும்.

*கிணறு:* தரைமட்டக் கிணறுகள் இந்தப் பகுதியில் நிறைய. 4 அடி உயரக் கைப்பிடிச் சுவர் இல்லாமல் வேறு எந்த வேலையும் தொடங்க வேண்டாம். பயன்படுத்தாத ஆழ்துளைக் கிணறு இருந்தால், வாயில் சாக்கையோ கல்லையோ வைப்பது மூடியாகாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படி ஒரு குழியில் விழுந்து இறந்தது. கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும், பயன்பாட்டில் உள்ளதற்கு இரும்புத் தகட்டு மூடியைப் பற்றவைக்கவோ முடுக்கவோ வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொல்லியிருக்கிறது.

*மின்கம்பி:* கம்பிக்கு அடியில் இரும்பு டேப்பையோ அலுமினிய ஏணியையோ தூக்காதீர்கள். மாங்காய், தேங்காய் பறிக்கும் துறட்டி இரும்புக் குழாயில் இருந்தால் அதுவே எமன். ஒரு மரம் முழுதாக வளரும் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் கம்பிக் கோட்டிலிருந்து தள்ளி நடுங்கள். கம்பிக்குக் கீழே கறிவேப்பிலையும் கீரையும் போதும்.

*வேலி:* பன்றி வருகிறதென்று வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுப்பது கொலைக்குச் சமம். அதில் அடிபடுவது இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதனாகவும் இருக்கும். சூரிய மின்வேலிக்குக்கூடத் தமிழ்நாட்டில் 2023 முதல் பதிவு விதிகள் இருக்கின்றன. காப்புக்காடு பக்கத்தில் இருந்தால் வனத்துறையைக் கேட்டபிறகே போடுங்கள். கொங்குக் காடுகளில் காலங்காலமாக இருப்பது கிளுவை வேலி. கிளுவைப் போத்தை ஓரடி இடைவெளியில் மழைக்கு முன் நட்டால் போதும், வெயிலைத் தாங்கும். இடையிடையே நொச்சியும் ஆடாதொடையும் வையுங்கள், ஆடு கடிக்காது.

*நெருப்பு:* மாசி முதல் மலைச்சரிவில் புல் காய்ந்து கிடக்கும். மலைப்பக்க எல்லையில் 10 அடி அகலத்துக்குச் சருகில்லாமல் கூட்டி வையுங்கள். கூட்டிய சருகைக் கொளுத்தாதீர்கள். அது மூடாக்குக்கு வேண்டும்.

*நஞ்சுச் செடி:* அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, ஆமணக்கு விதை, குன்றிமணி, செங்காந்தள் கிழங்கு ஆகியவை குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். எங்கே இருக்கின்றன என்று குறித்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

*பாம்பு:* கல் குவியல், விறகு அடுக்கு, எருக்குழி மூன்றும் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். மூன்றையும் வீட்டிலிருந்து 50 அடியாவது தள்ளிக் குறியுங்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே 4 அடிப் பாதை மூடாக்கில்லாமல் வெறுமையாக இருக்கட்டும். மூடாக்கை விலக்கக் கையை விடாதீர்கள், கம்பால் விலக்குங்கள். இரவில் டார்ச் இல்லாமல் மோட்டார் போடப் போகாதீர்கள். கடித்துவிட்டால்:

1. கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வையுங்கள், நடக்கவிடாதீர்கள். மோதிரம், கொலுசு, கயிறு எதுவானாலும் கழற்றுங்கள்.
2. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் மட்டை வைத்து அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள்.
3. 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான். மந்திரிக்கப் போகிற நேரத்தில் ஆளை இழப்போம். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டும் போகவேண்டாம்.

பனையிலும் பாழடைந்த சுவரிலும் கதண்டுக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால் புகை போடாமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

படி 7: இப்போது மரம்

எல்லா நகல்களையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எது எங்கே வரக்கூடாது என்பது தெரிந்துவிடும். மீதியில்தான் தோட்டம்.

தினமும் கை வைக்கும் கீரை, கறிவேப்பிலை, மிளகாய் எல்லாம் சமையலறை வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகட்டும். பழமரங்கள் அதற்கு அப்பால், வரப்புக்குக் கீழ்ப்பக்கம். இடைவெளியை இப்போதே வட்டமாக வரைந்துவிடுங்கள்: மாமரத்துக்கு 33 அடி, சப்போட்டாவுக்கு 26, தென்னைக்கு 25, கொய்யா, எலுமிச்சை, நெல்லிக்கு 20. கன்று சிறியதாக இருக்கிறதென்று இடைவெளியைக் குறைப்பதுதான் நான் பார்த்த தோட்டங்களில் எல்லாம் பொதுவான தவறு. 25 சென்டில் ஐந்து மா, நாலு கொய்யா, இரண்டு எலுமிச்சை, இரண்டு நெல்லி, நாலைந்து முருங்கை என்றாலே இடம் நிறைந்துவிடும். இடைவெளி காலியாக இருக்கும் முதல் ஆண்டுகளில் தட்டைப்பயறு, துவரை, சாமை விதைக்கலாம். கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் பிழைக்கவைத்திருக்கும் சாமை, தினை ரகங்கள் அடிவார மண்ணுக்கும் ஒத்துவருமா என்று ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

மிளகு மீது ஆசை விடவில்லை என்றால், தென்னை நிழல் அடர்ந்தபிறகு கோடைத் தண்ணீர் மிஞ்சும் கிணறு இருப்பவர்கள் ஒன்றிரண்டு கொடி ஏற்றிப் பார்க்கலாம். காபி வேண்டாம். கொல்லிமலையில் விளையும் அராபிகாவுக்கு மலையின் குளிர்ச்சி வேண்டும்.

மாத வரிசை

தையிலும் மாசியிலும் ஆவணமும் அளவும். சித்திரையில் கிணற்று மட்டம், நிழல், மண் மாதிரி. வைகாசியில் ஏ-சட்டக் கோடு, வாய்க்கால், கலிங்கு. ஆனி முடிவதற்குள் கிளுவைப் போத்து. ஆடியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று கவனித்து மேற்கு வரிசையின் இடத்தை உறுதி செய்யுங்கள். ஆவணியில் முதல் பெருமழை பெய்யும்போது, இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்து, குடையும் பென்சிலுமாக நிலத்தில் நில்லுங்கள். வாய்க்காலில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே வரப்பு கசிகிறது, கலிங்கு வேலை செய்கிறதா என்று குறித்து, மழை விட்டதும் சரிசெய்யுங்கள். இந்தத் திருத்தம் முடிந்தபிறகு புரட்டாசியில் மரக்கன்று வாங்கலாம். கன்று தேர்வதும் குழி எடுப்பதும் அடுத்த அத்தியாயத்தில்.